உங்கட வீட்ட போங்க

முதலில் என் எழுத்துக்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். என் எழுத்து கோட்டில் நிற்காது. எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்பது இன்னும் எனக்குச் சந்தேகம்தான். மகள் திருத்தித் தருவதாகச் சொன்னாள். சில இடங்களை அவளுக்குக் காட்ட எனக்கு மனம் வரவில்லை. அந்த இடங்களில் பிழை கூடவாக இருக்கும்.

வாயால் சொல்லலாமே என்று கிளினிக்கில் மிஸ் (நர்ஸ்) கேட்டார். நாலு பேருக்கு முன்னால் எனக்குப் பேச்சு வராது. அதனால்தான் எழுதுகிறேன். வீட்டில் என் மனைவிக்கு வந்தது போன்ற வருத்தம் (நோய்) உள்ள ஒருவரை வைத்துப் பார்ப்பவர்களுக்கும், புது ஊசி ஒன்று இருக்கிறதாம், போகலாமா விடலாமா என்று யோசிப்பவர்களுக்கும் எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். இங்கே கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். வீடும் வளவும் பெண்ணின் பெயரில் இருக்கும். அவளுக்குப் பிறகு அது அவள் மகளுக்குப் போகும். குடி என்று நாங்கள் சொல்லும் வம்சமும் தாய் வழிதான். நான் வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரையில் பிறந்தவன். யோகராணியைக் கலியாணம் முடித்துக்கொண்டு மேற்கே, படுவான்கரைக்கு வந்தேன். என் தாய் வீட்டைத் தங்கச்சிக்குக் கொடுத்துவிட்டார்கள். எனக்கென்று ஒரு வீடு எங்கும் இல்லை. அது எனக்கு ஒருநாளும் குறையாகத் தெரிந்ததில்லை. என்னைப் போலத்தான் ஊரில் எல்லா ஆண்களும்.

இதை வைத்து எங்கள் ஊர்ப் பெண்களிடம் ஒரு பகிடி (கேலிப் பேச்சு) இருக்கிறது. புருசனோடு கோபம் வந்தால், "இது என்ட வீடு. உங்கட வீட்ட போங்க" என்பார்கள். யோகமும் சொல்வாள். மீன் வாங்க மறந்து வந்தால் சொல்வாள். வேர்வையோடு கட்டிலில் ஏறினால் சொல்வாள். நான், "போறன், பாதை வரட்டும்" என்பேன்.

பாதை என்றால் வெளியூர் ஆட்கள் ரோட்டு என்று நினைப்பார்கள். வாவியைக் கடக்க ஓடும் பெரிய மிதவையைத்தான் நாங்கள் பாதை என்போம். ஆட்கள், மோட்டார் சைக்கிள், அரிசி மூட்டை எல்லாம் அதில் ஏறும். "பாதை இண்டைக்கு ஓடாதாம். இருந்து தொலைங்க" என்று யோகம் முடிப்பாள். அதோடு கோபம் போய்விடும்.

கொரோனாக் காலம் முடிந்து கொஞ்ச நாள் இருக்கும். நான் அரிசி ஆலையில் நெல் அவிக்கும் வேலை செய்கிறேன். விடிய முந்திப் போய் மத்தியானம் திரும்புவேன். அன்று திரும்பியபோது யோகம் வாசலில் நின்று, "உங்கட வீட்ட போங்க" என்றாள். "பாதை வரட்டும்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனேன். அவள் வழக்கமான மறுமொழியைச் சொல்லவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்துக்கொண்டு கதவோரம் விலகி நின்றாள். அந்நிய ஆண் வரும்போது பெண்கள் அப்படித்தான் நிற்பார்கள். பிறகு விருந்துக்கு எடுக்கும் பூப்போட்ட பீங்கானில் எனக்குச் சோறு போட்டாள். "வீட்டில எல்லாரும் சுகமா?" என்று கேட்டாள்.

நான் சிரித்தேன். அன்றைக்கு அவள் பகிடியை நன்றாக நடிக்கிறாள் என்று நினைத்தேன். இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

வேறு ஊரில் ஒரு பெண் தன் புருசனைப் பார்த்து உங்கள் வீட்டுக்குப் போங்கள் என்று சொன்னால், அன்றைக்கே அவனுக்குப் பயம் பிடித்திருக்கும். எங்கள் ஊரில் அது தினமும் கேட்கிற சொல். நோய் அந்தப் பகிடிக்குள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது. எது பகிடி, எது நோய் என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

யோகம் காலையில் இடியப்பம் அவித்துச் சந்தித் தேநீர்க் கடைக்குக் கொடுத்து வந்தாள். ஒருநாள் கடைக்கார நானா (முஸ்லிம் அண்ணனை அப்படித்தான் அழைப்போம்) பெட்டியைத் திருப்பிக் கொண்டு வந்தார். மேலே துணி போட்டு மூடியிருந்தார். என்னை ஆலை வாசலுக்குக் கூப்பிட்டு, "தம்பி, ஒரு ஆளும் இதக் காணல்ல. நீங்களே பாருங்க" என்றார். துணியை நீக்கினேன். தட்டுகள் வெறுமையாக இருந்தன. மாவு பிழியாமல் வெறும் தட்டுகளை அவித்து, ஒழுங்காக அடுக்கி அனுப்பியிருக்கிறாள். அவை இன்னும் சூடாக இருந்தன.

"தங்கச்சிய ஒருக்கா டொக்டரிட்டக் காட்டுங்க" என்றார் நானா. "ஊருக்குள்ள கதை போக முந்தி காட்டுங்க."

டவுண் ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். தைரொயிட் இல்லை, விற்றமின் குறைவு இல்லை என்று ஒவ்வொன்றாகத் தள்ளி வந்தார்கள். கடைசியில் அல்சைமர் (மூளைக் கலங்கள் மெல்ல மெல்லச் சாகும் மறதி நோய்) என்றார்கள். யோகத்துக்கு அப்போது ஐம்பத்தைந்து வயதுதான். அந்தச் சொல்லை எனக்குச் சொல்ல வராது. யோகம் அதை எங்கள் ஊர்ச் சொல்லில், "அயத்துப் போற வருத்தம்" என்றாள். அயத்துப் போவது என்றால் மறந்து போவது. அவளுடைய தாய்க்கும் கடைசிக் காலத்தில் அது இருந்தது. அப்போது நாங்கள் அதை வயது என்று சொல்லிவிட்டோம். அது எப்படிப் போய் முடியும் என்று யோகத்துக்குத் தெரியும். தாயைக் கழுவித் துடைத்தவள் அவள்தான்.

கொழும்பில் ஒரு ஆஸ்பத்திரியில் புது மருந்து ஒன்றைப் பரிசோதிக்கிறார்கள் என்று டவுண் டொக்டர்தான் சொல்லி அனுப்பினார். அந்த ஆஸ்பத்திரியின் பெயரை நான் எழுதவில்லை.

அங்கே இருந்த பெண் டொக்டர் எங்கள் பக்கத்து ஏறாவூர்க்காரர். அவர் எங்கள் பேச்சிலேயே பேசியது பெரிய ஆறுதல். மூளைக்குள் அமிலாய்டு (ஒரு வகைப் புரதக் கசடு) படிந்திருப்பதாகச் சொன்னார். புது மருந்து ஒரு அன்டிபொடி (கிருமியை எதிர்க்க உடம்பு செய்யும் பொருள் போன்றது, இதை மருந்து ஆலையில் செய்கிறார்கள்). நரம்பில் சேலைன் மாதிரி மாதம் ஒருமுறை ஏற்றுவார்கள். அது மூளைக்குப் போய் அந்தக் கசடைப் பிடித்து வெளியேற்ற உதவும். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் தண்ணீர். யாருக்கு எது என்று ஒன்றரை வருசம் முடியும்வரை டொக்டருக்கே தெரியாது.

யோகம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டாள்.

"டொக்டர், எங்கட குடி தாய் வழியாத்தானே வாறது. வீடும் தாய் வழி. இதும் அப்படியா? என்ட மகளுக்கு இது வருமா?"

டொக்டர் சிரிக்கவில்லை. "அக்கா, குடி மாதிரி இல்ல. சில ஆக்களுக்குத் தாய் வழியாலயும் வரும், தகப்பன் வழியாலயும் வரும். வராமலும் போகும். உங்கட மகளுக்கு வரும் எண்டு சொல்ல ஏலா. வராது எண்டும் சொல்ல ஏலா."

"அப்ப என்னில பாருங்க" என்றாள் யோகம். "பாத்து அவள் காலத்துக்கு ஒண்ட கண்டுபிடிச்சு வைங்க."

அவள் மகளுக்காகப் போனாள். நான் எனக்காகப் போனேன். அதையும் எழுதத்தான் வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். என்னை யாரென்று அவளுக்குத் தெரியும் காலம் நீள வேண்டும். எழுத்து, கணக்கு, சமையல் எல்லாம் போகட்டும். போங்கள் என்று அவள் பகிடிக்கு மட்டும் சொல்ல வேண்டும்.

மருந்துக்கு எடுப்பதற்கு முன்னால் ஒரு சோதனை வைத்தார்கள். இன்றைக்கு என்ன கிழமை, இது எந்த ஊர், ஐந்து சாமானின் பெயரைச் சொல்லிப் பிறகு கேட்பது, இப்படி. சோதனை எடுத்த பிள்ளை யாழ்ப்பாணத்து ஆள், நல்ல பொறுமைசாலி. நோய் மிகவும் கூடிப்போனவர்களை இந்த மருந்துக்கு எடுப்பதில்லையாம். ஆகவே மார்க்ஸ் ஒரு அளவுக்குக் கீழே போகக்கூடாது. நான் பின்னால் ஒரு கதிரையில் உட்கார்ந்திருந்தேன். வாய் திறக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். எனக்கு அது கஷ்டமான காரியமில்லை.

கடைசியில், "அம்மா, உங்களுக்கு விருப்பமான ஒரு வசனம் எழுதுங்கோ" என்றது அந்தப் பிள்ளை. யோகம் கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுதினாள்: பாதை வந்தால் இவர் போய்விடுவார்.

பிள்ளை அதை இரண்டு தரம் வாசித்தது. "பாதை எப்படி அம்மா வரும்?" என்றது.

"தண்ணியில வரும்" என்றாள் யோகம்.

பிள்ளையின் பேனா வசனத்துக்குப் பக்கத்தில் சைபர் போடுவதைப் பார்த்தேன். பொருள் இல்லாத வசனம் என்பது கணக்கு. எனக்குக் காது சுட்டது. எழுந்து நின்றுவிட்டேன்.

"பிள்ள, கோவிக்காதீங்க. எங்கட ஊரில பாதை எண்டா ரோட்டு இல்ல. வாவியக் கடக்கிற மிதவை. அது தண்ணியிலதான் வரும். இவ எழுதினது சரி. இது... இது எங்கட வீட்டுப் பகிடி."

அவ்வளவு நீளமாக நான் வெளி ஆட்களோடு பேசியது அதுதான் முதல் தரம். பிள்ளை டொக்டரைக் கூப்பிட்டது. டொக்டர் வாசித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "அல்லாவே, பாதைதான்! நானும் சின்னதில ஏறியிரிக்கன்" என்றார். சைபரை வெட்டி ஒன்று போட்டார்கள். அந்த ஒரு மார்க் இல்லாவிட்டாலும் எடுத்திருப்பார்களா என்று நான் பிறகு கேட்டேன். எடுத்திருப்போம், அக்காட மார்க்ஸ் அந்த அளவுக்கு மேலேதான் இருந்தது என்று டொக்டர் சொன்னார். அது எனக்கு நிம்மதி.

ஆனால் திரும்பி வரும் கோச்சியில் (ரயிலில்) யோகம் என் பக்கம் திரும்பி மரியாதையாக, "நீங்க எங்க இறங்குவீங்க?" என்று கேட்டாள். அவள் எழுதிய வசனம் பகிடிதானா என்ற சந்தேகம் எனக்கு அப்போது வந்தது. இன்றைக்கும் இருக்கிறது.

மருந்து ஏற்றும் நாட்களைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சாய்வு நாற்காலி, குளிர் அறை, கையில் குழாய். முதல் தரம் ஏற்றியபோது குளிர்க் காய்ச்சல் மாதிரி நடுங்கினாள். போர்வை கொடுத்தார்கள். சிலருக்கு அப்படி வருமாம். பக்கத்துக் கதிரையில் ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் இருப்பார். அவருடைய மனைவி என்னிடம், "இவர் இப்ப பேப்பர் வாசிக்கிறார்" என்று சொல்வா. எனக்குச் சந்தோசமாகவும் இருக்கும், வயிறு எரியவும் செய்யும்.

யோகமும் முதல் சில மாதம் மோசமாகவில்லை. இடியப்பம் அவித்தாள், மாவும் பிழிந்தாள். ஒருநாள் நான் ஈரக் காலோடு உள்ளே வந்தபோது, "உங்கட வீட்ட போங்க" என்று சொல்லிவிட்டு, நான் பதில் சொல்ல முந்தியே, "பாதை ஓடாதாம்" என்றாள். நான் குசினிக்கு (சமையலறைக்கு)ப் பின்னால் போய் அழுதேன். மருந்து வேலை செய்கிறது என்று மகளிடம் சொன்னேன். யோகத்துக்குத் தண்ணீர் ஏற்றவில்லை, மருந்துதான் ஏற்றுகிறார்கள் என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம்.

பிறகு தலையிடி வந்தது. கண்ணுக்கு முன்னால் துணி தொங்குகிறது என்றாள். கதவு நிலையில் போய் முட்டிக்கொண்டாள். மகள் கொழும்புக்குப் போன் எடுத்தாள். உடனே கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள்.

எம்.ஆர்.ஐ. (காந்தத்தால் எடுக்கும் மூளைப் படம்) எடுத்துப் பார்த்தார்கள். மூளையின் பின்பக்கத்தில் வீக்கம். சின்னச் சின்ன ரத்தப் புள்ளிகள். டொக்டர் எனக்கு விளங்கப்படுத்தினார்: "அண்ணன், இந்தக் கசடு ரத்தக் குழாய்ச் சுவரிலயும் ஒட்டியிரிக்கும். மருந்து அதையும் கழட்டேக்க குழாய் கசியும். இது வரலாம் எண்டு தொடக்கத்தில சொன்னன். அக்காட ரத்தத்தில இரிக்கிற ஒரு மரபணுவாலயும் இது வாற சாத்தியம் அதிகம்."

சொல்லியிருந்தார்தான். எங்களுக்குக் கேட்டும் இருந்தது. வரலாம் என்ற சொல்லைக் கேட்கிறவர்கள் வராது என்றுதான் கேட்கிறார்கள். உங்களிடம் யாராவது அந்தச் சொல்லைச் சொன்னால், வந்தால் என்ன செய்வீர்கள், எத்தனை நாள் படுக்க வேண்டி வரும், யார் கூட நிற்கலாம் என்று அப்போதே கேளுங்கள்.

மருந்தை நிறுத்தி, யோகத்தைப் பெண்கள் வார்ட்டில் படுக்க வைத்தார்கள். மகளுக்குக் கைக்குழந்தை, அவளால் வர முடியவில்லை. நான்தான் நின்றேன். இரண்டாம் நாள் யோகம் கண் திறந்து என்னைப் பார்த்துக் கத்தினாள். "இவர் ஆர்? இவர வெளிய போகச் சொல்லுங்க!" அங்கே இருந்த மிஸ்ஸுக்குத் தமிழ் தெரியாது. பக்கத்துக் கட்டில் பெண் ஒருத்தி மொழிபெயர்த்தாள். மிஸ் என்னைப் பார்த்த பார்வை மாறிவிட்டது.

"நான் இவட புருசன்" என்றேன்.

யோகம் தெளிவாகச் சொன்னாள்: "இல்ல. இவர் அக்கரையில இரிக்கிற ஆள்."

காவலுக்கு நின்ற பெண் வந்து என்னை வார்ட்டுக்கு வெளியே கூட்டிப் போனாள். அடையாள அட்டையைக் காட்டினேன். எங்கள் இரண்டு பேரின் விலாசமும் ஒன்றுதான். அதை அவள் பார்த்துவிட்டு, ஏதோ சிங்களத்தில் மெல்லச் சொல்லி, வாங்கில் (பெஞ்சில்) இருக்கச் சொல்லிக் கையைக் காட்டினாள். கோபமாகச் சொல்லவில்லை. நோயாளி பயப்படுகிறார், அவ்வளவுதான். அவர்கள் செய்தது சரி.

அந்த வாங்கில் இருந்து பார்த்தால் வார்ட் கதவின் கண்ணாடியில் யோகத்தின் கால் மட்டும் தெரியும். மகள் போனில் முகம் காட்டி மிஸ்ஸிடம் ஆங்கிலத்தில் பேசிய பிறகு, பின்னேரம்தான் என்னை உள்ளே விட்டார்கள். யோகம் தூங்கும் நேரம் மட்டும் நான் பக்கத்தில் இருக்கலாம் என்று ஒரு ஒழுங்கு வைத்தோம். அவள் விழித்தால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

வீக்கம் மெதுவாக வற்றியது. சில மாதம் கழித்து, கசடைக் காட்டும் விசேஷப் படம் எடுத்தார்கள். டொக்டர் பழைய படத்தையும் புதுப் படத்தையும் கம்பியூட்டரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். பழையதில் மூளை முழுவதும் சிவப்பும் மஞ்சளும். புதியதில் நீலம் மட்டும். பரிசோதனைக் காலமும் முடிந்திருந்தது. யோகத்துக்குக் கிடைத்தது மருந்துதான், தண்ணீர் அல்ல என்று அப்போது சொன்னார்.

"கசடு போயிட்டு. படத்தில நல்லா சுத்தமா இரிக்கு" என்றார்.

நான் கொஞ்ச நேரம் அந்த நீலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்பதா விடுவதா என்று தெரியவில்லை. பிறகு கேட்டேன்.

"அப்ப ஏன் டொக்டர் என்னத் தெரியுதில்ல?"

அவர் கம்பியூட்டரை விட்டு என் பக்கம் திரும்பினார். "அண்ணன், கசடு போறது வேற, போன ஞாபகம் வாறது வேற. செத்த கலம் திரும்ப வராது. இந்த மருந்து செய்யக்கூடினது, இனிப் போறதக் கொஞ்சம் மெதுவாக்கிறது. சில ஆக்களில அது தெரியுது. அக்காட விசயத்தில தெரியுது எண்டு நான் பொய் சொல்ல மாட்டன்."

பொய் சொல்லாததற்கு அவருக்கு இன்றைக்கும் நன்றியாக இருக்கிறேன். வாத்தியார் இன்னும் பேப்பர் வாசிக்கிறாராம். ஆகவே இந்த மருந்து வேண்டாம் என்று நான் யாருக்கும் சொல்லவில்லை. நான் சொல்வது, படம் சுத்தமாவதும் ஆள் திரும்பி வருவதும் ஒன்று என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள் என்பதுதான். நான் அப்படி நினைத்துக்கொண்டுதான் போனேன்.

பரிசோதனை முடிந்தாலும், விரும்பினால் குறைந்த அளவில் மருந்தைத் தொடரலாம், அடிக்கடி படம் எடுத்துப் பார்ப்போம் என்றார்கள். அதில் எனக்கும் மகளுக்கும் வாக்குவாதம் வந்தது.

"நிப்பாட்டினா அம்மாவக் கைவிட்ட மாதிரி அப்பா" என்றாள் மகள். "படத்தில நல்லாத்தானே வந்திரிக்கு. இன்னும் கொஞ்சம் குடுத்துப் பாப்பம்."

"படம் நல்லாத்தான் இரிக்கு, புள்ள."

"உங்களுக்கு அலுத்துப் போச்சு. கோச்சியில போய்ப் போய் அலுத்துப் போச்சு. அதச் சொல்லுங்க."

"அலுப்புத்தான்" என்றேன். "ஆனா அதுக்காக இல்ல. நீ அந்த வார்ட்டக் காணல்ல. அங்க கொம்மா பயந்து கிடந்தா. ஆர் வந்து கையப் பிடிச்சாலும் நடுங்கினா. இஞ்ச, இந்த வீட்டுக்குள்ள, அவ என்ன வெளிய போகச் சொல்றா. சத்தமாச் சொல்றா. அவட வீடு எண்டு அவக்கு இன்னும் தெரியும். அது ஒண்டுதான் மிஞ்சியிரிக்கு. கொழும்புக்குக் கொண்டுபோனா அதும் இல்ல."

"எனக்காகத்தான் அம்மா போனவ" என்றாள் மகள். "இப்ப நானே நிப்பாட்டச் சொல்றதா?"

டொக்டரிடம் போனில் அவளே பேசினாள். யோகத்தின் ரத்தமும் படங்களும் அவர்களிடம் இருக்கும், அவை பிறகு வருகிறவர்களுக்கு உதவும், அம்மா கொடுக்க வந்ததைக் கொடுத்துவிட்டா என்று டொக்டர் சொன்னாராம். போனை வைத்துவிட்டு மகள், "சரி அப்பா" என்றாள். அந்த இரண்டு சொல்லோடு மருந்து முடிந்தது.

அதற்குப் பிறகு நடப்பது வீட்டுக் கதை. டொக்டர்கள் இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்களா என்று தெரியாது.

பொழுது சாயும்போது யோகத்துக்கு அமைதி போய்விடும். வாசலுக்கும் குசினிக்கும் நடப்பாள். என்னைக் கண்டால், "பொழுது படுகுது. கடைசிப் பாதை போயிரும். உங்கட வீட்ட போங்க" என்பாள். முதலில் நான் விளக்கம் சொன்னேன். கலியாணப் படத்தைக் காட்டினேன். அதில் இருக்கும் மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டு, "இந்தப் பொடியன் நல்ல பொடியன். நீங்க ஆர்?" என்றாள். அதோடு விளக்கம் சொல்வதை விட்டேன். இதை வாசிக்கிற நீங்களும் விட்டுவிடுங்கள். விளக்கம் சொன்னால் அவர்களுக்குப் பயம்தான் கூடும்.

இப்போது போகச் சொன்னால் போகிறேன். "சரி, வாறன்" என்று செருப்பைப் போட்டுக்கொண்டு படலையைத் திறந்து போவேன். சந்தியில் நானாவின் கடையில் ஒரு பிளேன்டீ. நானா ஒன்றும் கேட்க மாட்டார். ஒருநாள் மட்டும், "தம்பி, இண்டைக்கும் பாதை இல்லையா?" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடிந்த பிறகு யாருக்கும் மற்றவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்த நேரம் யோகத்தோடு நிற்கும் மகள், யோகம் சாப்பிட்டு அடங்கியதும் எனக்குப் போன் எடுப்பாள். நான் திரும்பி வந்து விறாந்தையில் படுப்பேன்.

இன்னொன்றும் பழகிக்கொண்டேன். எங்கள் ஊரில் ஆண்கள் வீட்டுக்குள் சாரனோடு, மேலுக்கு ஒன்றும் இல்லாமல்தான் இருப்போம். அப்படி இருக்கும் என்னைக் கண்டால் யோகம் பயந்து கத்துகிறாள். யாரோ ஒருவன் வெறும் மேலோடு தன் வீட்டுக்குள் நிற்கிறான் என்று நினைக்கிறாள். ஆகவே நான் சேட்டைக் (சட்டையை) கழற்றுவதில்லை. பட்டன் எல்லாம் பூட்டித்தான் இருக்கிறேன், படுக்கிறேன். உள்ளே வரும் முன் செருமுகிறேன். கதிரையில் சாய்ந்து இருப்பதில்லை, நுனியில்தான் இருக்கிறேன். முதலில் அவளுக்காகச் செய்தேன். இப்போது ஆலையிலும், தங்கச்சி வீட்டிலும் அப்படித்தான் இருக்கிறேன் என்று மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது. வருத்தம் அவளுக்கு. உடம்பு மாறியது எனக்கும்தான்.

போன மாரியில் ஒரு பின்னேரம் அவள் போகச் சொன்னபோது மழை ஊற்றியது. நான் செருப்பைப் போட்டுக்கொண்டு படியில் இறங்கிவிட்டேன். பின்னால் இருந்து கூப்பிட்டாள்.

"இஞ்சாருங்க. இந்த மழைக்குள்ள எங்க போறது? மனிசரா நீங்க? அந்தப் பக்கம் படுங்க. விடிஞ்சு போங்க."

பாயும் தலையணையும் அவளே கொண்டு வந்து தந்தாள். "சேட்டு நனைஞ்சு போச்சு" என்றாள். ஆனால் கழற்றச் சொல்லவில்லை. நான் ஈரச் சேட்டோடு படுத்தேன். அவள் வீட்டில் தங்க அவளே இடம் கொடுத்தாள். கலியாணமான அன்றைக்கும் அது அவள் தந்த இடம்தானே என்று நினைத்துப் பார்த்தேன். அதில் பெரிய ஆறுதல் ஒன்றும் வரவில்லை.

அதற்குப் பிறகு சில நாள் இருக்கச் சொல்கிறாள். சில நாள் போகச் சொல்கிறாள். எது வரும் என்று பொழுது படும்வரை தெரியாது. ஆகவே நான் நாளைக்கு என்று ஒன்றையும் யோசிப்பதில்லை. கலியாணம் முடித்து முப்பத்து மூன்று வருசம் என்று மற்றவர்கள் சொன்னால், வேறு யாருடைய கணக்கையோ சொல்வது போல இருக்கிறது. எனக்குக் கிடைப்பது ஒரு இரவு. விடிந்தால் அது முடிந்துவிடும். பிறகு இன்னொன்று தருவாளா என்று பார்க்க வேண்டும்.

இன்று காலை யோகம் எழுந்து வந்து, விறாந்தையில் நான் பாயைச் சுருட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கோபமில்லை. தலைமுடியைக் கோதிக்கொண்டே கேட்டாள்:

"வந்து கனநேரமாப் போச்சா?"

"இல்ல" என்றேன். "இப்பதான்."

2025 ஆவணி 10, ஞாயிற்றுக்கிழமை.